பலகை டைப் வகுப்பு

அப்துல் அஜீஸ் ராவுத்தரின் கிடங்கில் அப்போது ஒரு மிளகாய்கூட இல்லை. ஆனாலும் உள்ளே போகிறவர்கள் எல்லோரும் தும்மினார்கள். இருபது வருஷமாக அங்கே அடுக்கி வைத்திருந்த காய்ந்த மிளகாய் மூட்டைகளின் தூசி சுவரிலும் உத்திரத்திலும் ஏறிக் குடியிருந்தது. ஜப்பான்காரர்கள் வந்தார்கள், கப்பல் நின்றது, நாகப்பட்டினத்துச் சரக்கு நின்றது, மூட்டைகள் காலியாயின. தூசி மட்டும் போக மறுத்துவிட்டது.

ராவுத்தருக்கு மலாக்காப் பட்டணத்தில் ஜாலான் பெண்டஹாரா தெருவில் மளிகைக் கடை, கிடங்கு எங்கள் காஜா பெராங்கில். அதைக் கேட்டு வாங்கியவர் கலியாணசுந்தரம் கிராணி. ரப்பர் விற்கும் ஒரு கித்தாக் கம்பெனி ஆப்பீசில் வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பதினெட்டு வருஷம் கடிதம் டைப் அடித்தவர். துரைகள் ஓடிப்போனபின் அவருக்கும் வேலை போய்விட்டது. வேலை இல்லாத நம் ஜனங்களுக்குக் காசு வாங்காமல் ஏதாவது தொழில் கற்றுக்கொடுக்கலாம் என்று அவர்தான் ராவுத்தரிடம் போய்ச் சொன்னார். ராவுத்தர் யோசித்தது கொஞ்ச நேரம்தான்.

"பூட்டி வச்சா ஜப்பான்காரன் குதிரையக் கொண்டாந்து கட்டுவான். அதுக்கு நம்ம சனங்க உக்காந்து தும்மிட்டுப் போவட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

இப்படித்தான் காஜா பெராங் இலவசத் தொழிற்பயிற்சி மன்றம் தொடங்கியது. ஒரு மூலையில் மருதமுத்து அண்ணன் பழைய லோரி டயரை அறுத்துச் செருப்புச் செய்யக் கற்றுக்கொடுத்தார். அந்தச் செருப்பு போட்டவர்கள் மழை நாளில் நடந்துபோனால், ஈர மண்ணில் சின்னச் சின்ன லோரிகள் வரிசையாகப் போனது போலத் தடம் விழும். இன்னொரு மூலையில் பீவி அக்கா தேங்காயெண்ணெயும் சாம்பலும் சேர்த்துச் சவுக்காரம் காய்ச்சினார். மத்தியானம் எல்லோருக்கும் மரவள்ளிக் கிழங்கு போட்ட கஞ்சி. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ராவுத்தர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார்.

மூன்றாவது மூலையில் கிராணி ஐயாவின் டைப் வகுப்பு. அதில் பத்துப் பேர் படித்தோம். டைப் மெஷின் மட்டும் இல்லை.

கிராணி ஐயாவிடம் சொந்தமாக ஒரு மெஷின் இருந்ததுதான். ஜப்பான் சிப்பாய்கள் வந்த முதல் வாரமே அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தேதியை அவர் திதி மாதிரி ஞாபகம் வைத்திருந்தார். மெஷின் போனாலும் அதன் எழுத்துகள் எல்லாம் எந்தெந்த இடத்தில் இருந்தன என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். பத்துப் பலகைகளை இழைத்து, கண்ணை மூடிக்கொண்டு காற்றில் தட்டிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தையும் கரியால் எழுதினார். அந்தப் பலகையில்தான் நாங்கள் டைப் அடித்தோம். ஒரு மாதத்தில் கரி எல்லாம் எங்கள் விரல் நுனிக்கு வந்து, பலகை வெறும் பலகையானது. திரும்ப எழுதித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, இனிமேல்தான் உண்மையான படிப்பே என்று சொல்லிவிட்டார்.

பலகையில் ஒரு குறை. அது சத்தம் போடாது. நிஜ மெஷினில் வரி முடியப்போகிறபோது ஒரு மணி அடிக்குமாம். அடிப்பவர் கண் பார்த்து எழுதும் தாளில் இருக்க வேண்டும், மெஷினைப் பார்க்கக் கூடாது. மணி கேட்டால், கையிலுள்ள வார்த்தையை முடித்துவிட்டு, இடது கையால் உருளையைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும். மணியைக் கேட்டுப் பழகாதவன் டைப் அடிக்கிறவனே இல்லை என்பது கிராணி ஐயாவின் கட்சி. ஆகவே ஒரு விதி செய்தார். எழுத்தை எண்ணிக்கொண்டே தட்ட வேண்டும். அறுபதாவது எழுத்து வந்ததும் வாயால் "டிங்" என்று சொல்ல வேண்டும். பிறகு இல்லாத உருளையைத் தள்ள வேண்டும்.

பத்துப் பேர் பத்து வேகத்தில் தட்டினோம். அதனால் டிங் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. முதலில் பக்கத்து வாய் டிங் சொன்னால் நம் கை தானாக உருளையைத் தள்ளப் போகும். போகப் போக அடுத்தவர் டிங் காதில் விழுந்தாலும் கைக்குப் போகாத அளவுக்குத் தேறிவிட்டோம். இடையிடையே தும்மல் வேறு. வாசலில் போகிறவர்கள் இதை ஒரு பஜனை மடம் என்று நினைத்ததில் தப்பில்லை.

எனக்குப் பிரச்சினை எண்ணுவதில் இல்லை, டிங் சொல்வதில்தான்.

என் பெயர் சிவகாமசுந்தரி. பெயரின் நீளத்துக்கு ஏற்ற குரல் எனக்கு வாய்க்கவில்லை. வீட்டில் பேசுவேன். வெளி ஆள் ஒருவர் இருந்தாலும் தொண்டை மூடிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது என்னால் பதில் சொல்ல முடிந்ததே இல்லை. வாத்தியாரம்மாவுக்குக் கண் பார்வை மங்கல். பதில் வராத பெயருக்கு நேரே வரவில்லை என்று குறித்துவிடுவார். மூன்று மாதம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே நான் பள்ளிக்கு வரவில்லை. கடைசியில் உங்கள் மகள் ஒரு நாளும் வகுப்புக்கு வருவதில்லை என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய், இதோ இவள்தான் என்று காட்டினார். இப்போதாவது பெயரைச் சொல்லச் சொன்னார்கள். நான் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எல்லோரும் ஜப்பான்காரனால் என் படிப்பு நின்றது என்று நினைக்கிறார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே அது நின்றாகிவிட்டது.

டைப் வகுப்பில் எனக்குப் பக்கத்துப் பலகை மல்லிகா. என் டிங்கையும் சேர்த்து அவளே சொல்லிவிடுவாள். என் கை அறுபதை நெருங்கும்போது நான் அவள் முழங்கையை இடிப்பேன். அவள் தன் கணக்கை விட்டுவிட்டு எனக்காக ஒரு டிங் போடுவாள். பிறகு தன் கணக்கு எங்கே நின்றது என்று தெரியாமல் இன்னொரு டிங் போட்டு வைப்பாள். இது கிராணி ஐயாவுக்குத் தெரிய இரண்டு வாரம் ஆனது. ஒரு நாள் என் பலகைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"மணியே அடிக்காமப் போயிக்கிட்டே இருக்கியே, பாப்பா. உன் வரி இந்நேரம் செமாபோக் ஊரையே தாண்டியிருக்கும்."

வகுப்பே சிரித்தது. நான் அன்று கஞ்சி குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாளிலிருந்து டிங் சொன்னேன், பலகைக்கு மட்டும் கேட்கும்படி. கிராணி ஐயா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஜப்பான் கணக்கில் அது இரண்டாயிரத்து அறுநூற்று மூன்றாம் வருஷம். ஒரே ராத்திரியில் எங்களுக்கெல்லாம் அறுநூற்று அறுபது வயது கூடியிருந்தது. அந்த வருஷம்தான் சயாமுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். முதல் லோரியில் போனவர்களுக்கு மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒருவரும் வரவில்லை, ஒரு கடுதாசியும் வரவில்லை.

அடுத்த பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது. தேவதாஸ், வயது நாற்பத்தொன்று. இன்னும் பன்னிரண்டு நாளில், புதன்கிழமை காலை, லோரி வரும்.

அப்பா முன்பு பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு வாசல் காவல். இப்போது பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளி போட்டிருந்தார். பட்டியல் ஒட்டிய அன்று வீட்டுக்கு வந்து, இத்தனை வயசுக்கு ரயில் ஏறினதில்லை, இப்ப டிக்கட்டு இல்லாமலே கூட்டிட்டுப் போறானுங்க என்றார். யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார். அம்மா, கமலவேணி என்று பெயர், அன்றிலிருந்து தினமும் அப்பாவுக்குப் பிடித்த பலகாரமாகச் செய்ய ஆரம்பித்தாள். அரிசி கிடையாது, உளுந்து கிடையாது. ஆகவே இட்லியும் மரவள்ளி, வடையும் மரவள்ளி, பாயசமும் மரவள்ளி. மூன்றாவது நாள் அப்பா தட்டைப் பார்த்து, என்ன கமலம், இப்பவே கருமாதி சாப்பாடு போடுற மாதிரி இருக்கே என்றார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

இந்த நேரத்தில்தான் அலாவுதீன் நானா செருப்புக்கு அளவு கொடுக்க மன்றத்துக்கு வந்தார். ஆற்றங்கரைப் பக்கம் ஜப்பான்காரர்களின் உணவு விநியோக ஆப்பீசில் அவர் பியூன். அங்கே டைப் அடிக்க ஓர் ஆள் தேவையாம், வியாழக்கிழமை பரீட்சையாம். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். ஆப்பீசில் வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆம்பிளையைச் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள். அதற்கு முத்திரை போட்ட கடிதம் கொடுப்பார்கள்.

கிராணி ஐயா மன்றத்திலிருந்து ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றார். வகுப்பில் கெட்டிக்காரி மல்லிகாதான். நான் வழக்கம்போல நகத்தைப் பார்த்தேன். மல்லிகா எழுந்து, "இவளை அனுப்புங்க ஐயா. எங்க வீட்ல பிடிச்சுட்டுப் போறதுக்கு ஒரு ஆம்பிளைகூட இல்ல. கடுதாசி வாங்கிட்டு வந்து நான் யாருக்குத் தாயத்தாக் கட்டறது?" என்றாள்.

அப்படித்தான் நான் தேர்வானேன்.

இருந்தது நான்கு நாள். கிராணி ஐயாவுக்குத் திடீரென்று ஒரு கவலை வந்தது. பலகையில் மெல்லத் தொட்டால் போதும். நிஜ மெஷினில் ஓங்கித் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தே விழாது. என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். இவை முருங்கைக்காய் ஒடிக்கக்கூட ஆகாது என்பது போல இருந்தது அவர் முகம். கஞ்சி மூலையிலிருந்து மரவள்ளி மாவை உருட்டி வரச் சொல்லி, அதில் தட்டிப் பழகச் சொன்னார். நான்கு நாளும் மாவில் டைப் அடித்தேன். அந்த மாவை வீணாக்க முடியுமா? மத்தியானம் அதையே தட்டைப் பலகாரமாகச் சுட்டார்கள். மன்றத்தில் எல்லோருக்கும் பத்து விரல் ஓட்டையோடு பலகாரம் வந்தது. மருதமுத்து அண்ணன் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதுல என்னமோ எழுதியிருக்கு, யாராச்சும் படிச்சுச் சொல்லுங்கப்பா என்றார்.

வியாழக்கிழமை பீவி அக்கா தான் காய்ச்சிய சவுக்காரத்தில் ஒரு துண்டு கொடுத்துக் குளித்துவிட்டுப் போகச் சொன்னார். கிராணி ஐயா வாசல் சிப்பாய்க்கு எவ்வளவு குனிய வேண்டும் என்று குனிந்து காட்டினார். அப்பா ஆப்பீஸ் வாசல்வரை வந்தார். வழி முழுக்க மரவள்ளிக்கு எத்தனை மாதத்தில் கிழங்கு வைக்கும் என்பதையே பேசிக்கொண்டு வந்தார். அவர் நட்டது வெட்ட இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

பரீட்சைக்கு மூன்று பேர் வந்திருந்தோம். ஒருவர் ராஜரத்தினம், வெள்ளைக்காரக் கம்பெனியில் மூன்று வருஷம் டைப் அடித்தவர், சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்தார். இன்னொருவர் போர்த்துகீசுக் குடியிருப்பிலிருந்து வந்த மிஸ் டி கோஸ்தா. விரல் எல்லாம் நீளம் நீளமாக இருந்தது. இருவரும் நிஜ மெஷினில் படித்தவர்கள். அவர்கள் என்னிடம் எந்த மெஷினில் பழகினாய் என்று கேட்டார்கள். நல்லவேளை, எனக்குத்தான் பேச்சு வராதே.

ஒரே மெஷின். ஒருவர் பின் ஒருவராக அடிக்க வேண்டும், மற்றவர்கள் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு மரவள்ளி நட வேண்டும் என்று இங்கிலீஷ் எழுத்தில் இருந்த மலாய்ச் சுற்றறிக்கை ஒன்றைப் பார்த்து அடிப்பதுதான் பரீட்சை. அதிகாரி பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து காகிதம் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான ஜப்பான்காரர். கொஞ்சம் மலாய் பேசினார். அவர் மேசையில் கவிழ்த்த கிண்ணம் போலச் சின்னதாக ஒரு மணி இருந்தது. தேநீர் வேண்டுமென்றால் அதைப் பென்சிலால் தட்டுவார். உடனே அலாவுதீன் நானா கோப்பையோடு வருவார்.

முதலில் ராஜரத்தினம். சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். மழை பெய்வது போல அடித்தார். கொஞ்ச நேரத்தில் அதிகாரிக்குத் தாகம் எடுத்தது. மணியைத் தட்டினார். ராஜரத்தினத்தின் இடது கை டக்கென்று உருளையைத் தள்ளியது. தேநீர் சூடு போதவில்லை போலும், மறுபடியும் தட்டினார். மறுபடியும் உருளை போனது. அவர் கண் சுற்றறிக்கையை விட்டு நகரவே இல்லை. அப்படித்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அடுத்தது மிஸ் டி கோஸ்தா. அப்போது அதிகாரிக்குத் தாகம் தீர்ந்திருந்தது. மணியே அடிக்கவில்லை. மிஸ் டி கோஸ்தா அடித்தார், அடித்துக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் எழுத்து விழும் சத்தம் மாறியது. தாளைத் தாண்டி வெறும் உருளையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் மணிக்காகக் காத்திருந்தார்.

என் முறை வந்தது. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அதன் பக்கவாட்டில் ஒரு கறை கண்ணில் பட்டது. காய்ந்த குங்குமம். அடியில் சந்தனம். கிராணி ஐயா வருஷம் தவறாமல் சரசுவதி பூசைக்குத் தன் மெஷினுக்குப் பொட்டு வைப்பேன் என்று எங்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். மலாக்காவில் வேறெந்த மெஷினுக்கும் பொட்டு வைத்திருக்க மாட்டார்கள். அதன் முதுகில் மணி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. வரி ஓரத்தில் உருளையை நிறுத்தும் கொக்கியையும் காணோம். நான் நிமிர்ந்து அதிகாரியின் மேசையைப் பார்த்தேன். அந்தக் கிண்ணம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

புரிந்து என்ன செய்ய? மெஷினுக்கு மணி இல்லை என்று யாரிடமாவது வாய் திறந்து சொல்லத் தெரிந்தால் நான் ஏன் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறேன்?

அடிக்க ஆரம்பித்தேன். முதல் வரி எறும்பு ஊர்ந்தது போல மங்கலாக விழுந்தது. மாவை நினைத்துக்கொண்டு ஓங்கினேன். எழுத்து கறுத்தது. விரல் அடிக்க, மனது எண்ணியது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. அங்கே எண்ணிக்கை முடியும், டிங் வர வேண்டும். நான் சொல்லாமல் இருந்தால் என் கை உருளையைத் தள்ளாது. எட்டு மாதம் அப்படித்தான் பழக்கியிருந்தார் கிராணி ஐயா. பலகைக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் மெஷினின் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை. கை தயங்கியது. வரி போய்க்கொண்டிருந்தது. அது செமாபோக் தாண்டினால் அப்பா சயாம் போவார்.

"டிங்" என்றேன்.

அறையே நிமிர்ந்தது. கை உருளையைத் தள்ளியது. அடுத்த வரி. டிங். அதற்கடுத்தது. டிங். நடுவில் அதிகாரி பென்சிலால் மணியைத் தட்டினார். அது அடுத்த பலகையின் டிங், என் கைக்கு அதோடு சம்பந்தமில்லை. அலாவுதீன் நானா தேநீர் கொண்டு வந்து வைத்தார். நான் அடுத்த டிங் சொன்னதும் இன்னொரு கோப்பை கொண்டு வந்தார். சுற்றறிக்கை முடிவதற்குள் அதிகாரியின் மேசையில் ஒன்பது கோப்பை இருந்தது.

மூன்று தாளையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ராஜரத்தினத்தின் தாளில் இரண்டு வரிகள் பாதியில் வெட்டுப்பட்டு நின்றன. மற்ற வரிகள் தாளின் ஓரத்தைத் தாண்டி ஓடிப்போயிருந்தன. மிஸ் டி கோஸ்தாவின் தாளில் ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தைகள் இல்லை, அவை உருளையில் இருந்தன. என் தாளில் முதல் வரி மங்கல். மற்றபடி ஓரம் நேராக இருந்தது. அதிகாரி என்னைப் பார்த்து, அது என்ன சத்தம் என்று மலாயில் கேட்டார்.

நகத்தைப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்டார். வாசலில் அப்பா நிற்பது சன்னல் வழியாகத் தெரிந்தது. அதிகாரி என்னையும் மெஷினின் முதுகிலிருந்த ஓட்டைகளையும் மேசைமேல் இருந்த மணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பென்சிலால் மணியை மெதுவாகத் தட்டி, இதுவா என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

"டிங்" என்றேன். எனக்கு அது ஒன்றுதான் வந்தது.

அலாவுதீன் நானா இரண்டு கோப்பை கொண்டு வந்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு யாரை வைத்தாலும் மணியை மறுபடி மெஷினில் மாட்ட வேண்டும். என்னை வைத்தால் மணி மேசைமேலேயே இருக்கலாம். திங்கள்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். அப்பாவுக்கான விலக்குக் கடிதத்தை நானே அடிக்க, முத்திரை போட்டுக் கொடுத்தார்.

கிராணி ஐயாவிடம் போய் எல்லாம் சொன்னோம், அதாவது அப்பா சொன்னார். வேலை கிடைத்ததற்கு அவர் தலையை ஆட்டினார். மெஷினின் பொட்டைப் பற்றிச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். நல்லா இருக்காளா என்று கேட்டார். மணி மட்டும் தேநீர் வேலைக்குப் போய்விட்டது என்று அப்பா சொன்னார். கிராணி ஐயா தும்முவது போலத் திரும்பிக்கொண்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் ஆப்பீசில் காலைப் பெயர் கூப்பிடல் என்று ஒன்று இருந்தது.

தோக்கியோ நேரம் ஏழரை என்பார்கள், எங்கள் பழைய கணக்கில் இருட்டு விலகாத ஆறு மணி. எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஒரு சிப்பாய் பெயர் கூப்பிடுவான். கூப்பிட்டதும் "ஹை" என்று, ஆஜர் என்பதற்கு ஜப்பான் சொல்லாம், கத்த வேண்டும். திங்கள்கிழமை என் பெயரை அவன் பாதி வரை கொண்டுவந்து விட்டுவிட்டான். நான் வாயைத் திறந்தேன், காற்று வந்தது. அவன் வரவில்லை என்று குறித்துக்கொண்டான். அன்று பூராவும் டைப் அடித்தேன். அன்று பூராவும் நான் வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

அன்று மாலை அலாவுதீன் நானா என்னைக் கூப்பிட்டு, "மூணு நாள் வரலைன்னு விழுந்தா வேலை போச்சும்மா. வேலை போனா உங்கப்பா கையில இருக்கிறது வெறும் காகிதம். நாளைக்கு லோரிக்காரன் இங்க வந்து பதிவைப் பார்த்துட்டுத்தான் உங்க பக்கம் வருவான்" என்றார்.

வீட்டில் சொல்லவில்லை. அம்மா அப்போதுதான் மரவள்ளிப் பாயசத்தை நிறுத்தியிருந்தாள்.

புதன்கிழமை காலை முற்றத்தின் வாசலில் லோரி நின்றது. அதில் ஏற்கனவே பதினைந்து பேர் இருந்தார்கள். லோரிக்காரன் பட்டியலோடு சிப்பாயின் பக்கத்தில் நின்று பதிவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டியலில் விரலை ஒரு இடத்தில் வைத்திருந்தான். அது எந்தப் பெயர் என்று எனக்குத் தெரியும். அதிகாரி மாடியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

பெயர்கள் வந்துகொண்டிருந்தன. ஹை, ஹை, ஹை. என் பெயர் வந்தது. "ஷி-பா-கா-மா" என்று இழுத்துவிட்டுச் சிப்பாய் நிமிர்ந்தான். ஹை என்ற சொல் என் தொண்டைக்குள் எங்கேயும் இல்லை. கால் பெருவிரல் செருப்பின் டயரை அழுத்தியது. சிப்பாயின் பேனா கீழே இறங்கியது. அப்பா வீட்டில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார். எண்ண ஆரம்பித்தேன், வேறொன்றும் எனக்குத் தெரியாது. ஐம்பதிலிருந்து அவசரமாக எண்ணினேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.

"டிங்."

செமாபோக் வரை கேட்டிருக்கும். சிப்பாய் மணி எங்கே அடித்தது என்று சுற்றிலும் தேடினான். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். மாடியிலிருந்து அதிகாரி பல் குச்சியை எடுக்காமலே, ஹை என்று சொல்லித் தலையை ஆட்டினார். சிப்பாய் என் பெயருக்கு நேரே வந்தாள் என்று ஒரு கோடு போட்டான். லோரிக்காரன் தன் பட்டியலில் இருந்த விரலை எடுக்காமல் என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குள் அலாவுதீன் நானா உள்ளிருந்து கோப்பையோடு வந்துவிட்டார். முற்றத்தில் யாருக்குக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவன் லோரிக்காரன்தான். அவனிடம் நீட்டினார். அவன் தேநீரை வாங்குவதற்காகப் பட்டியலிலிருந்து விரலை எடுத்தான். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, பென்சிலை நாக்கில் தொட்டு, அப்பாவின் பெயரைக் குறுக்கே கோடு போட்டு அடித்தான்.